மிஷின் வெச்சா உள்ள கத்துற சில்வண்டு ஓயுமா?

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 68 வயசு. ரெண்டு காதும் போயிடுச்சு, ஹியரிங் எய்டை எவ்ளோ கூட்டி வெச்சாலும் சத்தம் வருது பேச்சு புரியலங்கிறார். ஆனா உள்ள மட்டும் எந்நேரமும் 'ஙொய்ய்ய்'னு சில்வண்டு கத்துதாம். "நீங்க கத்துறது கேக்கல, இல்லாதது மட்டும் எப்படிடா கேக்குது"ன்னு எங்களையே திட்டுறார். காக்ளியர் இம்ப்ளாண்ட், அதான் ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற மிஷின், அதைப் பண்ணலாம்னு ஈ.என்.டி. டாக்டர் சொல்றார். பண்ணா அந்த இரைச்சல் போயிடுமா, இல்ல இன்னும் கூடிடுமா?

பதில்: அப்பா கோவத்துல கேட்டதுக்கே முதல்ல பதில் சொல்லிடறேன். காது கேக்காததாலதான் அது கேக்குது. உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டு காக்ளியான்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கிற முடி செல்கள் செத்துப்போனா மூளைக்குப் போற சிக்னல் குறைஞ்சிடும், மூளை அதோட விடுமா, பழைய ரேடியோல ஸ்டேஷன் கிடைக்கலன்னா நாம வால்யூமைத் திருகிக்கிட்டே போவோமே, அப்ப வெறும் கொர்ர்ருன்னு வரும்ல, கிட்டத்தட்ட அதே கதைதான்.

இம்ப்ளாண்ட் அந்த செத்த செல்களைத் தாண்டி நேரா நரம்புக்கே கரண்ட் துடிப்பா சத்தத்தை அனுப்புது. ஸ்டேஷன் கிடைச்சதும் மூளை வால்யூமைக் குறைக்குது, அதனால ஏற்கனவே இரைச்சல் இருந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் குறைஞ்சிருக்குன்னுதான் சொல்றாங்க, சிலருக்கு நின்னே போயிடுது. சிலருக்கு அப்படியே கிடக்கும். கொஞ்ச பேருக்குக் கூடும், முன்னாடி சத்தமே இல்லாதவங்கள்ல ஒருசிலருக்குப் புதுசா வர்றதும் உண்டு. உங்கப்பாவுக்கு எப்படி ஆகும்னு முன்கூட்டியே யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே எதுவும் கேக்காது. புண்ணு ஆறி சில வாரம் கழிச்சுதான் ஸ்விட்ச் ஆன் பண்ணுவாங்க. மிச்சம் மீதி இருந்த கேள்வித்திறனும் ஆபரேஷன்ல போயிட வாய்ப்பிருக்கறதால அந்த இடைவெளில இரைச்சல் தூக்கலாத் தெரியலாம், வீட்ல எல்லாரும் பயந்துடுவாங்க, அப்பாகிட்ட இதை முன்னாடியே சொல்லி வையுங்க. ஸ்விட்ச் ஆன் பண்ண அன்னிக்கும் பேச்சு ரோபோ பேசுற மாதிரி, இல்ல வெறும் பீப் பீப்னுதான் வரலாம். அப்புறம் ஆடியாலஜிஸ்ட்கிட்ட (காது கேக்குறதை டெஸ்ட் பண்ற நிபுணர்) மேப்பிங், அதாவது மிஷினை அவரவருக்குத் தகுந்த மாதிரி செட் பண்றது, திரும்ப மேப்பிங்னு மாசக்கணக்குல போகும்.

என்னைக் கேட்டா பேச்சு புரியணும்னு போடுங்க, இரைச்சல் குறைஞ்சா லாபம். இரைச்சலுக்காகவே போட்டதே இல்லையான்னா, இருக்கு. ஒரு காது மட்டும் போய் தாங்க முடியாத இரைச்சலோட இருந்தவங்களுக்கு பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப் டாக்டர்கள் இம்ப்ளாண்ட் வெச்சுப் பார்த்து நல்லா குறையுதுன்னு 2008ல எழுதினாங்க. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. ஒரு காது கேக்காதவங்களுக்கு இம்ப்ளாண்ட்டை அனுமதிச்சது 2019ல, அதுவும் கேக்கறதுக்காகத்தான்.

கேள்வி: இம்ப்ளாண்ட் வெச்சு ஒரு வருஷம் ஆச்சு. பகல்ல இரைச்சலே இல்ல மேடம். ராத்திரி வெளியே மாட்டியிருக்கிற பாகத்தைக் கழட்டி டப்பால வெச்சு லைட்டை அணைக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிடுது. மிஷின் ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்ல. தலைல வெளியே ஒட்டியிருக்கிற காயிலை (உள்ள இருக்கிற இம்ப்ளாண்ட்டுக்கு சிக்னல் அனுப்புற பாகம்) காந்தத்துல இருந்து 'டக்'குனு எடுத்ததும் சிக்னல் நின்னுடுது, மூளை பழையபடி வால்யூமைத் திருக ஆரம்பிச்சிடும். சிலருக்குக் கழட்டினதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அமைதி தாங்கும், உங்களுக்குத் தாங்கல, அவ்ளோதான். ஃபேனைப் போட்டுட்டுத் தூங்குங்கன்னு நெட்ல சொல்றது இங்க வேலைக்காகாது, மிஷின் இல்லாம ஃபேனே கேக்காதே! படுத்துட்டு அரை மணி நேரம் சின்னதா ஏதாவது கேட்டுக்கிட்டு இருந்துட்டு, கண்ணு சொக்கும்போது கழட்டிப் பாருங்க. போட்டுக்கிட்டே தூங்கலாமான்னு உங்க ஆடியாலஜிஸ்ட்டைக் கேளுங்க. ஆனா பகல்லயும் திடீர்னு இரைச்சல் வந்து கூடவே பேச்சும் தெளிவு குறைஞ்சா தள்ளிப் போடாம மேப்பிங் பார்க்கப் போயிடுங்க.