சாலை போடாமலே நெரிசலைக் குறைக்கும் படிப்பு

அம்மா, சிவில் இன்ஜினியரிங் முடித்த உங்கள் மகள் பயணத் தேவை மேலாண்மைப் பக்கம் போக ஆசைப்படுகிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். ஆனால் என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புதுச் சாலை போடாமல், மக்கள் எப்போது, எதில் பயணிக்கிறார்கள் என்பதை மாற்றி நெரிசலைக் குறைப்பதுதான் அது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டி விடுவதில்லையே, அது இந்த வகைதான். பார்க்கிங் கட்டணம், அலுவலக நேரத்தை மாற்றி வைப்பது, பஸ் பாஸ் சலுகை எல்லாம் இதில் அடக்கம். யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. அந்த யோசனையால் ஊருக்கு லாபமா நஷ்டமா என்று கணக்குப் போடுகிறவருக்குத்தான் சம்பளம்.

புதுச்சேரி நேரு வீதியில் கார் நிறுத்த 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்காரருக்கு அது செலவு, நகராட்சிக்கு வரவு. ஊர் மொத்தத்துக்கும் பார்த்தால் பணம் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வசூலிக்கும் ஆளும் இயந்திரமும்தான் உண்மைச் செலவு. அப்புறம், கட்டணத்துக்குப் பயந்து காரை எடுக்காதவரின் இழப்பு. 5 ரூபாய்க்கே விலகியிருப்பவரும் உண்டு, 39 ரூபாய் வரை தாங்கியிருப்பவரும் உண்டு. அதனால் சராசரியாகப் பாதி, ஆளுக்கு 20 ரூபாய் என்று எடுப்பார்கள். மற்றவர்களுக்கு மிச்சமாகும் நேரம், பெட்ரோல், குறையும் புகை, விபத்து ஆகியவை எதிர்ப்பக்கம், அதாவது லாபம். கடைக்காரர் 'வியாபாரம் படுத்துவிடும்' என்பார். அவருடைய வாடிக்கையாளர் அடுத்த வீதிக் கடைக்குப் போனால் ஊருக்கு நஷ்டமில்லை, அவருக்கு நஷ்டம்தான். யாருக்கு அடி விழுகிறது என்று தனியாகக் காட்டாத அறிக்கையை நான் மதிப்பதில்லை.

கட்டணம் போட்டால் நெரிசல் குறையுமா என்றால், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006இல் ஏழு மாதம் நெரிசல் கட்டணத்தை, அதாவது நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிக்கு வசூலிக்கும் கட்டணத்தை, சோதித்தார்கள். அப்படிப் போய்வரும் வண்டிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன, 2007இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

படிக்கத் திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் கேட் (GATE) என்ற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் மதிப்பெண் நன்றாக வேண்டும். அரசுப் பணியிடம் குறைவு. ஆலோசனை நிறுவனங்களும் மெட்ரோ நிறுவனங்களும்தான் பெரும்பாலும் எடுக்கின்றன.

கேட் புத்தகம் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை நேரு வீதியில் நின்று, எத்தனை கார், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதி, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அலுப்பாக இருந்தால் கட்டடப் பொறியியலே அவளுக்குச் சரி.