தேய்த்துக் கெடுத்த துப்பாக்கி

கேள்வி: அப்புச்சி வீட்டு அட்டாலியில் நான்கரை அடி நீளப் பட்டாளத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. சேகரிப்பவர் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்தால் கூடுதலாகக் கிடைக்குமா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: உப்புத்தாளைக் கீழே வையுங்கள். உள்ளே மருந்து கெட்டித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குதிரையை, அதாவது விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தியலை, தொடாமல், குழல்வாய்க்கு நேரே நிற்காமல், மூங்கில் குச்சியை அடிவரை விட்டு, வாயருகே கோடு போடுங்கள். அதே குச்சியை, கோடு குழல்வாய்க்கு நேராக வரும்படி, குழலுக்கு வெளியே பிடித்துப் பாருங்கள். நெருப்புப் போகும் பக்கத்துளை வரை எட்டாமல் நான்கு விரற்கடை முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கரிமருந்துக்கு வயதாகாது, ஈரம் படாமல் இருந்தால் இன்றும் பற்றும். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

இப்போது துருவுக்கு வருகிறேன். பழகிய தோசைக்கல்லை யாராவது வெள்ளையாகத் தேய்ப்பார்களா? இருநூறு ஆண்டுகளில் இரும்பு தானே போர்த்துக்கொண்ட பழுப்புக்குத்தான் சேகரிப்பவர் பணம் கொடுக்கிறார். அதனடியில்தான் முத்திரைகள் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கியில் முதலில் இதய வடிவ முத்திரை. 1808 வாக்கிலிருந்து கிரீடம் பிடித்து நிற்கும் சிங்கம். எல்லாம் தலைமுடி ஆழம்தான். அரை மணி நேரத் தேய்ப்பில் சிங்கம் போய்விடும், விலையில் பாதியும் அதோடு போய்விடும். தொட்டால் விரலில் ஒட்டும் சிவப்புத் துருவுக்கு மட்டும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், பழைய வேட்டித் துணி. கட்டைக்கு எதுவும் வேண்டாம். வார்னிஷ் அடித்த துப்பாக்கிகளை ஈரோட்டிலும் சேலத்திலும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கேள்வி: தீரன் சின்னமலை படையின் துப்பாக்கி என்று இரட்டை விலை சொல்கிறார்கள். குதிரை, ஒரு சிறு குமிழ்மேல் அடிக்கிறது. வாங்கலாமா? (சங்ககிரி)

பதில்: சின்னமலையை உங்கள் ஊர்க் கோட்டையில் தூக்கிலிட்டது 1805இல். அடித்தால் பற்றும் மருந்து வைத்த சிறு உலோகத் தொப்பியைக் குமிழில் மாட்டிச் சுடும் முறை பட்டாளத்துக்கு வந்தது 1830களுக்குப் பிறகு. அதற்கு முன் இருந்த, கல் உரசிய பொறியில் சுடும் சிக்கிமுக்கித் துப்பாக்கியைப் பின்னாளில் மாற்றியிருந்தால், குதிரை பொருத்திய தகட்டில் பழைய துளைகளை அடைத்த தடம் தெரியும். அது இல்லையென்றால் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: போட்டோ பார்த்து 60,000 ரூபாய் அனுப்பினேன். எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, சோப்பில் அச்சிட்டதுபோல் இருக்கிறது. (திருப்பூர்)

பதில்: வார்ப்பில் எடுத்த போலி. உளியால் அடித்த எழுத்துக்கு விளிம்பு கூராக இருக்கும். நூறு ரூபாய்த் துண்டையே விரித்துப் பார்த்து வாங்கும் ஊர்க்காரர் இதை எப்படிப் பார்க்காமல் வாங்கினீர்கள்? நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: கணவர் இறந்த பின் அவர் வைத்திருந்த துப்பாக்கியை, விலை பார்த்துச் சொல்வதாக ஒருவர் கொண்டுபோனார். பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆகாது என்று திருப்பிக் கொடுத்தார். குதிரை வேறாகத் தெரிகிறது. என் பிரமையா? (பவானி)

பதில்: பிரமை இல்லை அம்மா. குதிரை பொருத்திய தகடு மரத்தில் வெட்டிய பள்ளத்தில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். ஓரத்தில் நகம் நுழைகிறதா, திருகுத் தலைகளில் பளிச்சென்ற புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தகட்டையே மாற்றியிருக்கிறார். சுவரில் அது மாட்டியிருந்த பழைய குடும்பப் போட்டோ கிடைத்தால் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை. கட்டையில் ஒரு கீறலும் இல்லை என்று பெருமையாக நான் கரூரில் வாங்கிவந்தது, சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் மெழுகும் மரத்தூளுமாக வழிந்தது. உள்ளே ஒரு சாண் பிளவு.

கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா? அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பலாமா? (பொள்ளாச்சி)

பதில்: பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே 1959 ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது, பழுது பார்த்தால் சுடும் என்றால் லைசென்ஸ் வேண்டும். நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. மருமகனுக்கு முறுக்கு அனுப்புங்கள்.