வாசிக்கிறவனை விரட்டாதீர்கள்

கேள்வி: என் மகன் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினவன். போன மாதம் எங்கள் வீட்டு ஜெபத்தில், "ஆறு நாளில் உலகம் உண்டானது என்பதை அப்படியே நடந்த கணக்காக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை" என்று சொல்லிவிட்டான். ஒரு வசனத்தை மறுத்தால் முழு வேதத்தையும் மறுத்ததாகும் என்று குழுவில் கண்டித்தார்கள். அதிலிருந்து அவன் ஜெபத்துக்கு வருவதில்லை. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பாதவன் கிறிஸ்தவனாக இருக்க முடியுமா?
– ஒரு தாய், பெரம்பூர், சென்னை

பதில்: முடியும், அம்மா. உங்கள் மகன் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை. வேதத்தைக் கவனித்து வாசித்திருக்கிறான். அவனைக் கண்டித்தவர்கள்தான் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

முதல் அதிகாரத்தில் செடி கொடி வருகிறது, நான்காம் நாள் சூரியன் வருகிறது, அப்புறம் பறவைகள், மிருகங்கள், கடைசியில் ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில் மண்ணிலிருந்து உருவாகிறான். அவன் தனியாக இருப்பது நல்லதல்ல என்ற பிறகுதான் மிருகங்களும் பறவைகளும் உண்டாகின்றன. பெண் கடைசியில் வருகிறாள். நடந்த கணக்கு என்றால் இதில் எது கணக்கு? தொகுத்தவர்கள் இதைப் பார்க்காமலா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்? அவர்களுக்கு வரிசை பெரிதாகத் தோன்றவில்லை. படைப்பு நல்லது என்று ஒன்று சொல்கிறது. நாம் மண், துணையில்லாமல் வாழ முடியாதவர்கள் என்று மற்றது சொல்கிறது. இரண்டையும் நான் முழுமனதோடு நம்புகிறேன்.

எனக்குப் பதிமூன்று வயதில், சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில், இதே இடத்தில்தான் நானும் தடுக்கி நின்றேன். சூரியன் நான்காம் நாள் என்றால் முதல் மூன்று நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது என்று கேட்டேன். இப்படிக் கேட்கிறவன் விசுவாசத்தில் நிலைக்க மாட்டான் என்று சொல்லி, அன்றைய வகுப்பு முடியும்வரை என்னை வராந்தாவில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் நான் ஆதியாகமத்தைத் திறக்கவே இல்லை. முப்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்துகொண்டேன், மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன் இதே கேள்வியைக் கேட்டு, இந்த நாட்களை அப்படியே எடுத்துக்கொள்வது அறிவுக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறார் என்று. அவர் வேதத்தை வாழ்நாள் முழுக்கப் படித்துப் போதித்தவர். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த சபைப் போதகர் அகுஸ்தீன் இன்னும் கடுமையாகவே சொன்னார்: வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி நன்றாகத் தெரிந்தவர் முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரைச் சொல்லித் தப்பும் தவறுமாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி வேதம் சொல்வதை அவர் எப்படி நம்புவார்? டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி இது. உங்கள் மகன் விலங்கியல் படித்ததால் கெட்டுப்போனான் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் சமையலறையிலேயே ஒன்று பார்க்கலாம். ஒரு கடுகையும் ஒரு கசகசாவையும் எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். கசகசாதான் சிறியது, கண்ணாலேயே தெரியும். ஆனால் மாற்கு 4-ம் அதிகாரத்தில் ஆண்டவர், கடுகு விதை "பூமியிலுள்ள சகல விதைகளிலும் சிறிதாயிருக்கிறது" என்கிறார். அவர் பொய் சொன்னாரா? ஒருபோதும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா ஜனங்களுக்குச் சிறியது என்றால் கடுகு. நாமும் 'கடுகளவு' என்றுதானே சொல்கிறோம்? கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும்போது யாரும் அளவுகோல் எடுப்பதில்லை. விதையின் அளவுக்காக வாதாடிக்கொண்டிருந்தால், அது வளர்ந்து கிளைவிட்டுப் பறவைகள் நிழலில் வந்து தங்குவதைப் பார்க்காமல் போய்விடுவோம். அவர் சொல்ல வந்தது அந்த நிழலைத்தான்.

இன்னொன்று. எழுத்துக்கு எழுத்து என்கிறார்களே, எந்த எழுத்து? நம் வேப்பேரியில் இருந்து 18-ம் நூற்றாண்டில் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ், கடவுளைப் 'பராபரன்' என்றார். இன்று உங்கள் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்கிறது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. எபேசியர் 6:5-ல் நாம் "வேலைக்காரரே" என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'அடிமைகளே' என்ற சொல். அந்த வசனத்தைக் காட்டித்தான் அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவர்கள் தங்களை நியாயப்படுத்திக்கொண்டார்கள். வசனம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆண்டவர் அவர்கள் பக்கம் இருந்தாரா? யோசிக்காமல் வாசிப்பது ஆபத்தில்லாத காரியம் என்று நினைக்காதீர்கள்.

ஆண்டவரே எப்படி வாசித்தார் என்று பாருங்கள். "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்பது மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதப்பட்ட வசனம். மலைப்பிரசங்கத்தில் அதை எடுத்து, "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று ஆரம்பித்து, மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார். அன்றைக்கும் அவரைக் கண்டிக்க ஆட்கள் இருந்தார்கள்.

சரி, உங்கள் மனதில் இருக்கும் உண்மையான பயம் எனக்குப் புரிகிறது. இன்று ஆறு நாள் என்றால், நாளைக்கு உயிர்த்தெழுதலையும் கதை என்பானோ? இரண்டும் ஒரே விதமாக எழுதப்பட்டவை அல்ல, அம்மா. ஆதியாகமம் 1-ஐச் சத்தமாக வாசித்தால், "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று பாட்டின் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும். 1 கொரிந்தியர் 15-ல் பவுல், உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ட சாட்சிகளை வரிசையாகச் சொல்கிறார்: கேபா என்ற பேதுரு, பன்னிரு சீஷர்கள், பிறகு ஐந்நூறு பேருக்கும் அதிகமானவர்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்று சொல்வது போன்ற பேச்சு அது. பாட்டைப் பாட்டாகவும் சாட்சியைச் சாட்சியாகவும் வாசிக்கத் தெரிந்தவனுக்கு விசுவாசம் உறுதிப்படும். நான் அப்படித்தான் திரும்பி வந்தேன். ஈஸ்டர் காலையில் "உயிர்த்தெழுந்தார்" என்று நான் சொல்லும்போது அதை உவமையாகச் சொல்வதில்லை.

அவனை இப்போது ஜெபக்குழுவுக்கு இழுத்துப் போக வேண்டாம். ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு, நீங்களும் அவனும் மட்டும் உட்காருங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தை நீங்கள் வாசியுங்கள், இரண்டாம் அதிகாரத்தை அவன் வாசிக்கட்டும். மனிதனுக்குப் பிறகு மிருகங்கள் உண்டாகும் 19-ம் வசனம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "உனக்கு என்னப்பா தோணுது?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.