அடோபியின் போட்டோ எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் படங்களுக்குப் பதில் சாம்பல் கட்டங்களாகத் தெரிகின்றன. எடிட் எல்லாம் போய்விட்டதா? ப்ரிவியூவை (திரையில் காட்ட லைட்ரூம் வைத்திருக்கும் படப் பிரதியை) திரும்ப வரவழைப்பது எப்படி?

கேட்டலாக் (படங்களின் பட்டியலையும் திருத்தங்களையும் லைட்ரூம் சேமிக்கும் ஃபைல்) திறந்து, படங்களின் பட்டியலும் வருகிறது என்றால் எடிட் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் “ப்ரிவியூ ஃபோல்டரை டெலீட் செய்தால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னதைக் கேட்டு உடனே அதில் கை வைக்காதீர்கள். ஒரிஜினல் தொலைந்துபோன படங்களுக்கு அந்த ஃபோல்டரில் இருப்பதுதான் கடைசிப் பிரதி.

லைட்ரூம் ஒரு படத்தை மூன்று இடங்களில் பிரித்து வைக்கிறது. ஒரிஜினல் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூல ஃபைல்) உங்கள் டிஸ்க்கில் இருக்கும். நீங்கள் செய்த திருத்தங்கள் கேட்டலாக்கில், அதாவது எல்ஆர்கேட் ஃபைலில் இருக்கும். கிரிட்டில், அதாவது படங்கள் கட்டம் கட்டமாக வரும் திரையில் பார்க்கும் படம், கேட்டலாக்கின் பெயரோடு ‘ப்ரிவியூஸ்’ என்று முடிகிற எல்ஆர்டேட்டா ஃபோல்டரிலிருந்து வருகிறது. கட்டம் சாம்பலாக இருந்தால் ஒன்று ஒரிஜினல் கைக்கு எட்டவில்லை, அல்லது அந்த ஃபோல்டர் கெட்டிருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க, சாம்பல் கட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து டி கீயை அழுத்துங்கள். அது திறக்கும் டெவலப் பகுதி, அதாவது படத்தைத் திருத்தும் திரை, ஒரிஜினல் ஃபைலிலிருந்தே படத்தை வரையும். அங்கே படம் ஒழுங்காக வந்தால் ப்ரிவியூ மட்டும்தான் பழுது. ஃபைலைக் காணவில்லை என்று செய்தி வந்தாலோ, கட்டத்தின் மூலையில் ஆச்சரியக்குறி இருந்தாலோ, இடப்பக்க ஃபோல்டர் பட்டியலில் கேள்விக்குறி தெரிந்தாலோ ஒரிஜினலுக்கான வழி அறுந்திருக்கிறது. மொத்தம் எத்தனை படங்கள் இப்படி என்பதை லைப்ரரி மெனுவில் ‘ஃபைண்ட் ஆல் மிஸ்ஸிங் போட்டோஸ்’ காட்டிவிடும்.

வழி அறுவதற்கு விண்டோஸில் அடிக்கடி காணும் காரணம் டிரைவ் எழுத்து. நேற்று இ டிரைவாக இருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், இன்று வேறொரு பென் டிரைவ் முந்திக்கொண்டதால் எஃப் ஆகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள், வேலை முடிந்தது. ஃபோல்டரையே இடம் மாற்றியிருந்தால் கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ கொடுங்கள். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். ‘ஷோ பேரண்ட் ஃபோல்டர்’ மூலம் மேல் ஃபோல்டரை வரவழைத்து அதை மட்டும் இணைத்தால், உள்ளே பெயர் மாறாத ஃபோல்டர்கள் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

ஒரிஜினல் சரியாக இருந்து ப்ரிவியூதான் பழுது என்றால், முதலில் மென்மையான வழி: கிரிட்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, லைப்ரரி மெனு, ப்ரிவியூஸ், ‘பில்ட் ஸ்டாண்டர்ட்-சைஸ்டு ப்ரிவியூஸ்’. தொடங்கும் முன் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். நிரம்பிய டிஸ்க்கில் புது ப்ரிவியூ எழுத வழியில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் ஃபோல்டர். எடிட் மெனுவில் (மேக்கில் லைட்ரூம் கிளாசிக் மெனுவில்) கேட்டலாக் செட்டிங்ஸ், ஜெனரல் டேபில் ‘ஷோ’ பட்டனை அழுத்தினால் கேட்டலாக் இருக்கும் இடம் திறக்கும். லைட்ரூமை மூடிவிட்டு, ப்ரிவியூஸ் எல்ஆர்டேட்டாவை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். பிறகு திறந்தால் புது ஃபோல்டர் உருவாகி ப்ரிவியூ மறுபடி சேர ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கான ரா ஃபைல்கள் என்றால் இரவு முழுக்க ஓடவிடுங்கள். எல்லாம் வந்தபின் பழையதை அழிக்கலாம். பக்கத்திலேயே ‘எல்ஆர்கேட்-டேட்டா’ என்று முடியும் இன்னொன்று இருக்கும். பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதைத் தொடவே கூடாது. மாஸ்க் தொடர்பான தகவல்கள் அதில் இருக்கின்றன. 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு.

கேமரா ரா கேஷை (லைட்ரூமின் தற்காலிகச் சேமிப்பு) பர்ஜ், அதாவது காலி செய்யச் சொல்வார்கள். அது டெவலப் பகுதிக்கானது, கிரிட்டில் உள்ள சாம்பல் கட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தம்ப்நெயில் (கிரிட்டில் தெரியும் சிறு படம்) நன்றாக வந்து டெவலப்பில் மட்டும் வெறுமையாக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகியுங்கள். ப்ரிஃபரன்ஸஸ், பெர்ஃபார்மன்ஸில் ‘யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர்’ என்பதை ஆஃப் செய்து பாருங்கள். சரியானால் டிரைவரை அப்டேட் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்யலாம். அப்படியும் படம் கறுப்பாகவோ நிறம் கெட்டோ வந்தால் மானிட்டர் ப்ரொஃபைல் (திரை நிறங்களைக் காட்டும் விதத்தைச் சொல்லும் ஃபைல்) பழுதாக இருக்கலாம். விண்டோஸ் கலர் மேனேஜ்மென்ட்டில் பொதுவான நிற ப்ரொஃபைலான எஸ்ஆர்ஜிபி-யை டீஃபால்ட்டாக வைத்து லைட்ரூமை மூடித் திறங்கள்.

இம்போர்ட் செய்யும்போதே ப்ரிவியூ இல்லை என்றால் கதை வேறு: பெரும்பாலும் உங்கள் லைட்ரூமுக்கு அந்தக் கேமராவின் ரா வடிவம் தெரியாது. உதாரணமாக, பழைய லைட்ரூம் 6-இன் கடைசி அப்டேட் 2017 டிசம்பரில் வந்தது. கேனனின் சிஆர்3 என்ற ரா வடிவம் அடுத்த ஆண்டு இஓஎஸ் எம்50 கேமராவோடு வந்தது. ஆகவே எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் அதில் சிஆர்3 திறக்காது. ரா ஃபைல்களை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில், கம்பாட்டிபிலிட்டியை ‘கேமரா ரா 7.1 அண்ட் லேட்டர்’ என்று வைத்து மாற்றி, அந்த டிஎன்ஜி ஃபைல்களை இம்போர்ட் செய்யுங்கள். மாற்றிய பின்னும் சிஆர்3 ஒரிஜினல்களை அழிக்காதீர்கள்.