எதிர்ப்புப் பாடல் என்றால் என்ன? அது இனத்தையும் வர்க்கத்தையும் எப்படிப் பேசுகிறது?

நடக்கும் அநியாயத்தைச் சொல்லி, அதனால் லாபம் யாருக்கு என்றும் கேட்கும் பாட்டுதான் எதிர்ப்புப் பாடல். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பேன்.

1963 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பியில், கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அதைப் பாட்டாக்கி, அந்த ஆகஸ்டில் கறுப்பின உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியிலும் பாடினார். சுட்டவனின் பெயர் பாட்டில் இல்லை. ‘கறுப்பனைவிட நீ மேல்’ என்று ஏழை வெள்ளையனுக்குச் சொல்லிச் சொல்லியே அரசியல்வாதிகள் அவன் வறுமையை மறக்கடிக்கிறார்கள். அவர்கள் ஆட்டத்தில் அவன் வெறும் சதுரங்கச் சிப்பாய்க் காய் என்கிறது பாட்டு. இன வெறுப்புக்கு அடியில் வர்க்கம் இருப்பதை இவ்வளவு எளிதாகச் சொல்வது பெரிய விஷயம்.

குழாயடிச் சண்டை மாதிரிதான். ஒரு குடத்துக்காக இரண்டு வீட்டார் அடித்துக்கொள்வார்கள்; தண்ணீரை அரை மணி நேரம் மட்டும் திறந்துவிடுபவரை யாரும் கேட்பதில்லை.

அப்புறம், ஏன் பாட்டு? கட்டுரையைத் தனியாகத்தான் படிக்க முடியும், பாட்டைக் கூட்டமே சேர்ந்து பாடலாம்.

இந்தப் பாட்டு கொலைகாரனை மன்னிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; அவனைத் தூண்டிய அரசியல்வாதிகளையும் சேர்த்தே கூண்டில் ஏற்றுகிறது.