தறிக்கு நூறு ரூபாய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது விசைத்தறி ஊர். இங்கே லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் நாற்பது வருடத்துக்கு முன்னால் தார் சுற்றும் மெஷினை, அதாவது தறி நாடாவில் வைக்கும் குச்சியில் நூல் சுற்றும் மெஷினை, மாற்றியமைத்தார். நூல் அறுந்தால் அந்தக் கதிர் (சுழலும் தண்டு) மட்டும் நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. கொஞ்ச நாளிலேயே சுற்றுவட்டாரப் பட்டறைகள் எல்லாம் அதைச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டன. அவர் கடைசி வரை வாடகைக் கட்டடத்தில் இருந்தே காலமானார். அவருக்குப் பேருந்து நிலைய முக்கில் வெண்கலச் சிலை வைக்க இப்போது கமிட்டி போட்டிருக்கிறோம். தறிக்கு நூறு ரூபாய் என்று பேசி, நோட்டில் கையெழுத்து வாங்கி வருகிறோம். ஊரில் இரண்டு எதிர்ப்பு. "இருந்த மெஷினைத்தானே மாற்றினார், இதில் என்ன கண்டுபிடிப்பு?" என்கிறார்கள் சிலர். "அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டலாமே" என்கிறார்கள் வேறு சிலர். தங்கள் கருத்து என்ன? திறப்பு விழாவுக்கு வருவீர்களா?

ர.

அன்புள்ள ர.,

கழிப்பறைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊர்களில் அலங்கார வளைவு வைக்கும்போதும் கட்அவுட் கட்டும்போதும் வராத கழிப்பறை, லேத் பட்டறைக்காரருக்குச் சிலை என்றதும் வந்துவிடுகிறது. கேட்டவரிடமே அதற்கும் ஒரு நோட்டைக் கொடுத்து வசூலுக்கு அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது சிலை அல்ல, அந்த வசூல் நோட்டு. இதே மாதிரி நோட்டு ஒன்று 1780-இல் இங்கிலாந்தில், லங்காஷயரின் போல்டன் ஊரில் சுற்றியது. சாமுவேல் கிராம்ப்டன் என்பவருக்காக. நூல் விவகாரம் என்பதால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராம்ப்டன் 1753-இல் பிறந்தவர். சிறுவயதில் அப்பா போய்விட்டார். அம்மாவோடு ஹால் இத் வுட் என்ற பழைய மாளிகையின் ஒரு பகுதியில் குடியிருந்து, ஜென்னி என்ற கையால் ஓட்டும் நூற்பு இயந்திரத்தில் நூல் நூற்று வளர்ந்தார். ஜென்னி நூல் ஓயாமல் அறும். ஒட்ட ஒட்ட அறும். அந்த எரிச்சலில் தொடங்கிய வேலைதான். ஐந்து வருடம் ராத்திரிகளில் தனியாக உட்கார்ந்து 1779-இல் முடித்தார். சாமான் வாங்கக் காசுக்கு, போல்டன் நாடகக் கொட்டகையில் வயலின் வாசித்தார். ஒரு இரவுக்கு ஒன்றரை ஷில்லிங்.

அவர் செய்தது என்ன? அப்போது ஏற்கெனவே இரண்டு நூற்பு இயந்திரங்கள் இருந்தன. ஆர்க்ரைட் என்பவரின் இயந்திரத்தில் பஞ்சுத்திரியை உருளைகள் இழுத்து மெலிதாக்கும். ஹார்க்ரீவ்ஸ் என்பவரின் ஜென்னியில் நகர்ந்துபோகும் வண்டி இழையை நீட்டும். கிராம்ப்டன் உருளையை வைத்துக்கொண்டார், கதிர்களைச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றினார். உருளை திரியை விட விட வண்டி பின்னால் போகும், போகும்போதே கதிர் சுழன்று முறுக்கேற்றும். நல்ல முறுக்கு ஏறும் வரை இழையை யாரும் வெடுக்கென்று இழுப்பதில்லை. அதனால் அறுவதில்லை. பிறகு வண்டி திரும்பி வரும்போது நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். முதல் இயந்திரத்தில் 48 கதிர்கள். இரண்டு இயந்திரங்களின் கலப்பு என்பதால் அதற்குக் கோவேறு கழுதை என்றே பெயர் வந்தது, ஆங்கிலத்தில் ம்யூல்.

ஆக, உங்கள் ஊர் முதல் எதிர்ப்பாளரின் கேள்வியைக் கிராம்ப்டனிடமும் கேட்கலாம். உருளை அவருடையதல்ல, வண்டியும் அவருடையதல்ல. ஆனால் 80-ஆம் நம்பர் நூல் அவருடையது (நம்பர் கூடக் கூட நூல் மெலிது). 40-ஆம் நம்பருக்கு ராத்தலுக்கு (ஏறத்தாழ அரைக் கிலோ) 14 ஷில்லிங் கிடைத்த காலத்தில், 80-ஆம் நம்பருக்கு 42 ஷில்லிங் வாங்கினார். அதுவரை நம் நாட்டு மஸ்லினோடு போட்டி போட இங்கிலாந்தில் நூலே கிடையாது. இவருடைய இயந்திரம் வந்த பிறகு போட்டி போட்டார்கள், பிறகு நம்மவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் கிராம்ப்டன் மேல் எனக்கும் ஒரு கோபம் இருக்கத்தான் வேண்டும். அவர் வாழ்க்கையைப் படித்தால் கோபம் நிற்பதில்லை.

நூலைப் பார்த்த வியாபாரிகள் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏணி வைத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். காப்புரிமை எடுக்கக் கையில் காசு இல்லை. இயந்திரத்தை உடைத்துப்போடுவதா, ஊருக்குக் கொடுப்பதா என்ற நிலை. "எல்லோருக்கும் காட்டிவிடு, நாங்கள் ஆளுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று ஏறத்தாழ எண்பது பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அதிகபட்சம் ஆளுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், ஒரு பவுண்டைவிட ஒரு ஷில்லிங் கூட. அவரும் நம்பி இயந்திரத்தைக் காட்டினார். வந்து சேர்ந்தது மொத்தம் அறுபது பவுண்டு சொச்சம். கையெழுத்துப் போட்ட சிலர் கேட்கப் போனவரையே ஏமாற்றுக்காரன் என்று ஏசி அனுப்பினார்கள். கிடைத்த பணத்தில் 4 கதிர் கூடுதலாக இன்னொரு இயந்திரம் செய்ததோடு சரி.

1811-இல் அவரே ஆலை ஆலையாகப் போய் எண்ணினார். தன் இயந்திரத்தில் ஓடும் கதிர்கள் மட்டும் 40 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குப் போனார். 1812 மே 11 அன்று, நாடாளுமன்ற முன்கூடத்தில் பிரதமர் பெர்சிவல் வந்து கிராம்ப்டனுக்கு 20,000 பவுண்டு முன்மொழியப் போவதாகச் சொன்னார் என்றும், அடுத்த நிமிடமே ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான் என்றும் ஒரு கதை உண்டு. அந்த உரையாடல் உண்மையோ இல்லையோ, பெர்சிவல் அன்று அங்கேதான் கொல்லப்பட்டார், கிராம்ப்டனுக்குப் பிறகு கிடைத்தது 5,000 பவுண்டுதான். அதை வைத்துச் செய்த தொழிலும் நொடித்தது. கடைசியில் நண்பர்கள் சேர்ந்து வருடத்துக்கு 63 பவுண்டு வருவதுபோல் ஏற்பாடு செய்தார்கள். 1827-இல் இறந்தார். உருளைகளைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு, அந்தக் காப்புரிமை 1785-இல் ரத்தான பிறகும் பெரும் பணக்காரராகச் செத்தார் ஆர்க்ரைட். சர் பட்டத்தோடு.

முப்பது வருடம் கழித்துப் போல்டனுக்கு நினைவு வந்தது. கில்பர்ட் ஃபிரெஞ்ச் என்ற உள்ளூர்க்காரர் பழைய தாள்களைத் தேடிப் பிடித்து, சொற்பொழிவு ஆற்றி, 1859-இல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாகவும் போட்டார். மறுபடி வசூல். இந்த முறை பணம் வந்தது. வில்லியம் கால்டர் மார்ஷல் செய்த சிலையை 1862 செப்டம்பர் 24 அன்று நெல்சன் சதுக்கத்தில் திறந்தார்கள். கிராம்ப்டன் அதில் உட்கார்ந்திருக்கிறார், கீழே பீடத்தில் புடைப்புச் சித்திரங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் பூட்டிக் கிடந்த வருடம் அது. வேலையில்லாத தொழிலாளிகள் வேடிக்கை பார்த்த விழா. அந்த வருடம் கிராம்ப்டனின் மகன் ஜான் உயிரோடு இருந்தார். எழுபது வயதுக்கு மேல், வறுமையில். ஊருக்கு நடுவே வெண்கலத்தில் அப்பா, மகனுக்குப் பிரதமர் பாமர்ஸ்டன் பார்த்துக் கொடுத்தது 50 பவுண்டு உதவித்தொகை.

இதனால் சிலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போல்டன் சிலை இல்லாவிட்டால் கிராம்ப்டன் பெயர் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் கமிட்டி வேலை செய்யும் வரிசை தவறு என்று நினைக்கிறேன். அவர் குடும்பம் எப்படி இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அங்கே போங்கள். மனைவி இருக்கிறாரா, பட்டறைக் கடன் ஏதாவது நிற்கிறதா, பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத்தான் சிலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மெஷின். கிராம்ப்டன் கையால் செய்த ம்யூல்களில் மிஞ்சியது ஒன்று, அது போல்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹால் இத் வுட் மாளிகையை அதே ஊரில் பிறந்த சோப்பு முதலாளி வில்லியம் லீவர் 1899-இல் வாங்கிப் பழுதுபார்த்து ஊருக்குக் கொடுத்தார். சிலையைவிட எனக்கு அவைதான் பெரிது. கோவையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்கள் அசையாமல் நிற்பது சாமான்களுக்கு முன்னால்தான். உங்கள் ஊர்க்காரர் செய்த முதல் தார் மெஷின் எங்கே? பெரும்பாலும் ஏதோ குடோனிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடக்கும். எடைக்குப் போவதற்குள் பிடியுங்கள். அவரிடம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருப்பார்கள், அவர்களை வைத்து ஓட விட்டு வீடியோ எடுங்கள். "இதில் என்ன கண்டுபிடிப்பு" என்று கேட்பவரை மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, ஒரு இழையை அவர் கையாலேயே அறுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கதிர் மட்டும் நிற்பதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பேருந்து நிலைய முக்கு நடக்காது. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் புதிதாகச் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பட்டா இடம் பாருங்கள். அவர் பட்டறை இருந்த இடத்தின் உரிமையாளர் பத்தடி கொடுப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

விழாவுக்கு வருகிறேன். மாலை, பொன்னாடை வேண்டாம். அவர் குடும்பத்தாரை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். கல்வெட்டில் கொடையாளர் பெயர் போடாமல் நம் ஊரில் காரியம் நடக்காது, போடுங்கள். நோட்டைப் பார்த்து வெட்டாமல் ரசீது புத்தகத்தைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். என்னிடம் தறி கிடையாது, பத்துத் தறிக்கானதை அனுப்புகிறேன், ரசீது போடுங்கள்.