வெல்டிங் கற்கிறேன்: இரவில் கண் எரிச்சல், காய்ச்சல்… விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. அலுவலக வேலை. ஆர்வத்தால் விடுமுறை நாட்களில் வெல்டிங் பழகுகிறேன். இணைப்பு சரியாகத் தெரியாததால், ஹெல்மெட்டைத் தூக்கி, குனிந்து பார்த்துத்தான் ராடை வைப்பேன். இருமுறை நள்ளிரவில் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தி, நீராகக் கொட்டியது. சென்ற வாரம் ஜி.ஐ. பைப்பை ஒட்டிய அன்று இரவு குளிர்காய்ச்சல், மறுநாள் சரியாகிவிட்டது. இந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் முதலில் கண் பரிசோதனைக்குப் போங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆர்க், அதாவது ராடு நுனியில் எழும் மின்பொறி; அதன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் உங்கள் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டிருக்கிறது. வலி உடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தொடங்கும். ஓரிரு நாளில் தானாக ஆறும். குளிர்ந்த துணி ஒத்தடம், பாரசிட்டமால் போதும். கான்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் போடவே கூடாது. வலி மறையும், புண்ணோ ஆறாமல் ஆழமாகிவிடும். 48 மணி நேரம் தாண்டியும் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒரே கண்ணில் மட்டும் உறுத்தினாலோ கண் மருத்துவரிடம் போங்கள். ஒரே கண் என்றால் கிரைண்டரில் தெறித்த இரும்புத்தூள் உள்ளே இருக்கலாம்.

காய்ச்சலுக்குக் காரணம் ஜி.ஐ. பூச்சில் உள்ள துத்தநாகம். சூட்டில் அது வெண்புகையாகி நுரையீரலுக்குள் போனால் சில மணி நேரத்தில் குளிர், உடல்வலி, வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். ஓய்வும் தண்ணீரும் எடுத்தால் தணிந்துவிடும். ஆனால் மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காதீர்கள். காட்மியம் பூசிய போல்ட்டின் புகையும் முதலில் இதே காய்ச்சல்போல்தான் தொடங்கும். பிறகு நுரையீரலையே பாதித்து உயிருக்கு ஆபத்தாகும். குளோரின் கலந்த கரைப்பான்களால் துடைத்த உலோகத்தின் அருகிலும் ஆர்க் வேண்டாம்; பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும்.

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் உறுதிசெய்தது. விடுமுறையில் மட்டும் செய்யும் உங்களுக்கு, தினமும் புகையில் நிற்கும் தொழிலாளி அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் மூடிய அறையில் செய்யாதீர்கள். துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. உலோகப் புகைக்கான வடிகட்டி உள்ள சுவாசக்கவசமே தேவை. ஜி.ஐ. பூச்சை ஒட்டுமிடத்தின் இருபுறமும் சில சென்டிமீட்டர் தேய்த்து நீக்குங்கள். தேய்க்கும்போதும் கவசம் வேண்டும்.

இனி, கண் பரிசோதனை ஏன் என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, “சரியாகத் தெரியாததால்” என்ற சொல்தான். 47 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். கிட்டப்பொருள் தெரியவில்லை என்பதால்தான் ஹெல்மெட்டைத் தூக்குகிறீர்கள். ஆர்க் கண்ணில் அடிக்கிறது. இணைப்பு தெரிய வேண்டும் என்றே குனிகிறீர்கள், முகம் நேராகப் புகைக்குள் போகிறது. நடுவயதில் கற்க வருபவர்கள் பலர் கை நடுங்குகிறது, தனக்கு வராது என்று சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் பலருக்குக் குறை கண்ணாடியில்தான்.

ஒட்டும்போது கண்ணுக்கும் இணைப்புக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கான ஒற்றைப் பவர் கண்ணாடி கேளுங்கள். பைஃபோகல் வேண்டாம், கீழ்ப்பகுதியால் பார்க்கத் தலையை அண்ணாந்தே இருக்க நேரும். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் உருப்பெருக்கி லென்ஸும் உதவும். ஆர்க் எழுந்ததும் தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டாக வாங்கினால், ராடை வைக்குமுன் தூக்கிப் பார்க்கும் தேவையே இருக்காது. சாதாரண ராடு வெல்டிங்குக்கு, ஹெல்மெட் கண்ணாடியின் கருமையைக் குறிக்கும் நிழல் எண் 10இல் தொடங்கி, கரண்ட் கூடக் கூட எண்ணையும் கூட்டுங்கள்.